பசாசிடம் பெயர் கேட்டவன்

போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த மூன்று உபதேசியார்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோட்டங்களைப் பற்றியும் ரயில் நேரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அய்யா, லாபிஸ் பக்கம் ஒரு அம்மாகிட்ட இருந்து ஏழு பசாசை நீங்க ஓட்டினீங்களாமே? அங்க எல்லாரும் சொல்றாங்க. என்ன மந்திரம் சொன்னீங்கன்னு எங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

நான் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கதை இப்படி மாறிவிட்டது. நான் போனபின் ஏழு எழுபதாகும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். அந்த மூன்று பேரும் படிக்கட்டும்.

நான் உபதேசியாராக ஜொகூருக்கு வந்தது முதல் உலகச் சண்டைக்கு முந்தின வருஷம். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அப்போது பாலம் இல்லை, படகில்தான் வரவேண்டும். ஊரில் இரண்டு வருஷம் சாமியார் மடத்தில் ஞானோபதேசம் படித்திருந்தேன். பாட்டு தெரியும், செபங்கள் தெரியும், கேள்வி பதில் முழுவதும் மனப்பாடம். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. மேலே கற்றதெல்லாம் லெயோன் சுவாமியாரிடம்.

அவர் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிப் பக்கத்தில் தமிழ் படித்தவர். யாரையும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் நாக்கில் 'ழ' வராது, 'குழந்தை' என்பதைக் 'குலந்தை' என்பார். தோட்டத்து ஜனங்கள் அவருக்காகவே அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு பேசுவார்கள். அவருடைய தோல்பையில் பூசைச் சாமான்களோடு ஒரு புட்டி தீர்த்தம், காய்ச்சலுக்கு ஒரு டப்பா கொய்னா மாத்திரை, ஒரு பொட்டலம் சீனி மூன்றும் எப்போதும் இருக்கும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வருகிற செய்திகளில் பாதி பசாசு பிடித்த செய்தி. ஆள் அனுப்புவார்கள், கடிதம் போடுவார்கள். சுவாமியார் போனதும் செய்கிற முதல் வேலை, புறங்கையை அந்த ஆளின் நெற்றியில் வைத்துப் பார்ப்பது. பிறகு வீட்டாரிடம் மூன்று கேள்வி. சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று? தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? இதுவரை யார் யார் அடித்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் தீர்த்தப் புட்டியைத் திறக்கவே மாட்டார். மேற்றிராணியார், அதாவது பிஷப், எழுத்து மூலம் அனுமதி கொடுக்காமல் எந்தக் குருவும் பசாசு ஓட்டும் சடங்கைச் செய்யக்கூடாது என்பது சபைச் சட்டம். உபதேசியாருக்கோ அந்தப் பேச்சே இல்லை. எனக்கு அவர் சொல்லியிருந்த கட்டளை ஒன்றுதான்.

"அதனுடன் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். எனக்கு எழுதும். நான் வரும்வரை கஞ்சி கொடும்."

பொந்தியானில் தோமையப்பன் என்று ஒருவர். தென்னந்தோப்பில் வேலை. படுத்தால் கறுப்பாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்காருகிறது, மூச்சு விட முடியவில்லை என்று அழுதார். சுவாமியார் மூன்று கேள்வியும் கேட்டுவிட்டு, "நீர் எங்கே படுக்கிறீர்?" என்றார். கொப்பரைக்குப் புகை போடும் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு. சுவாமியார் உள்ளே போய் அந்தப் பாயிலேயே படுத்துக்கொண்டார். ஒரு பூசை நேரம்கூட ஆகவில்லை, இருமிக்கொண்டே வெளியே வந்தார். தாடியெல்லாம் கரி.

"உபதேசியாரே, என்னையும் பிடித்துவிட்டது" என்றார்.

தோமையப்பனே சிரித்துவிட்டார். பாயை வேறு இடத்தில் போடச் செய்தோம். ஆனால் அந்தப் புது இடத்தில் சுவாமியார் மறக்காமல் தீர்த்தம் தெளித்தார். புகைதான் காரணம் என்று தெரிந்தபின் தீர்த்தம் எதற்கு என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"புகை நெஞ்சில் இருந்தது. பயம் அவர் வீட்டில் இன்னும் இருக்கிறது" என்றார்.

இதனால் அவர் பசாசு இல்லை என்று நினைத்தவர் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் பயந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஜொகூர் பாருவில் கங்காணி வேலையை விட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், தன் மனைவிக்குப் பசாசு பிடித்திருப்பதாகச் சொல்லிக் கோயிலுக்கு அழைத்து வந்தார். திருநாளில் கொடி பிடிக்கிற ஆள். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. அந்த அம்மாவின் இடது கை முழங்கையிலிருந்து கோணலாக இருந்தது. மூன்றாவது கேள்வியைச் சுவாமியார் கேட்டபோது அவர் சிரித்த முகத்தோடு சொன்னார், "அடிச்சாத்தானே சாமி அது கேக்குது."

அன்று சாயங்காலமே சுவாமியார் அந்த அம்மாவைப் படகேற்றிச் சிங்கப்பூரில் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் கணவர் மனைவியைத் தேடி வந்து வாசலில் நின்று கத்தியபோது சுவாமியார் கதவை மறித்துக்கொண்டு நின்றார். கணவர் போனபின் உட்கார்ந்தார்.

"அவனுக்குக் காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். இவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

இவ்வளவும் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் நான் லாபிஸில் அந்தத் தவறைச் செய்தேன்.

லாபிஸிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போய் ஞானோபதேசம் சொல்வேன். சின்னப்பன் என்ற பால்வெட்டுக்காரரின் மனைவி சூசையம்மாள் முதல் பிரசவத்தில் காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். ஆண் குழந்தை. பிறந்த அன்றே, பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த கல்லறை நிலத்தில் வைக்க முடியாது என்று வேலிக்கு வெளியே புதைத்தார்கள். மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சூசையம்மாளுக்கு நினைவு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஆள் வந்தது. சூசையம்மாளுக்குப் பசாசு பிடித்துவிட்டது, உடனே வரவேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் தங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். சூசையம்மாளை வீட்டுத் தூணோடு சேர்த்து வேட்டியால் கட்டியிருந்தார்கள். தலைவிரி கோலம். செபமாலையை அறுத்து எறிந்திருந்தாள். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துக் கோடங்கி வந்து வேப்பங்கொப்பால் அடித்ததில் தோளெல்லாம் தடிப்பு. ஆண்குரல் மாதிரிக் கரகரப்பாக, "நான் இங்க இருக்கமாட்டேன். எங்க ஆளுங்ககிட்ட போறேன். வழி விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லயம் முழுவதும் கூடி நின்றது. "இப்ப உபதேசியார் பாத்துக்குவாரு" என்று யாரோ சொன்னார்கள். கோடங்கியால் முடியாததை நம் வேதத்தால் முடியும் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. எனக்கு எழுதும், கஞ்சி கொடும் என்ற கட்டளை நினைவில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நினைவிருந்தும் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் கேட்டேன்.

"உன் பெயர் என்ன? உன்னை ஏவினது யார்? சொல்!"

அவள் கண்கள் கூட்டத்தில் அலைந்தன. அந்த லயத்தில் பாக்கியம் என்று ஒரு விதவை இருந்தாள். இந்து. நாற்பது வயது இருக்கும். எல்லா வீட்டுக்கும் பிரசவம் பார்ப்பவள் அவள்தான். ஒரு குவளைக் கஞ்சியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சூசையம்மாளின் பார்வை அவள்மேல் போய் நின்றது.

"பாக்கியம்" என்றாள். "அவ கையிலதான் போச்சு."

உடனே ஒரே இரைச்சல். பாக்கியம் சூனியம் வைத்துக் குழந்தையைத் தின்றுவிட்டாள் என்று நாலு பேர் கத்தினார்கள். யாரோ அவள் கையிலிருந்த குவளையைத் தட்டிவிட்டார்கள். அவள் பாத்திரம் பண்டங்கள் எல்லாம் பாதையில் வந்து விழுந்தன. "நான் என்னய்யா செஞ்சேன்? உபதேசியார் அய்யா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. என் கேள்விக்குப் பசாசு பதில் சொல்லிவிட்டதே என்ற பெருமையில் நின்றேன். ஒரு சிறு மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் தோட்டத்தை விட்டுப் போனாள்.

சூசையம்மாள் குணமாகவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாள். பயந்துபோய்ச் சுவாமியாருக்குத் தந்தி கொடுத்தேன்.

மறுநாள் ரயிலில் வந்தார். வண்டிப் பாதையில் நடந்தே வந்து, யாரிடமும் பேசாமல் நேரே போய் அந்தக் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். புறங்கையை நெற்றியில் வைத்தார். சின்னப்பனிடம் மூன்று கேள்வி கேட்டார். சாப்பிட்டு மூன்று நாள். தூங்கி எத்தனையோ நாள். அடித்தது கோடங்கி.

"கட்டியது?"

"நாங்கதான் சாமி. உபதேசியார் அவுக்கச் சொல்லல" என்றார் சின்னப்பன்.

சுவாமியார் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொய்னாவைச் சீனியோடு கரைத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கை நீட்டியபடியே இருந்தது. வெகுநேரம் கழித்து வாங்கிக் குடித்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"அம்மா, வழி விடச் சொல்கிறீரே. எங்கே போகவேண்டும்?"

"பிள்ளைகிட்ட." கரகரத்த குரல்தான். ஆனால் இப்போது அது அழுது அழுது தொண்டை கட்டிப்போன ஒரு பெண்ணின் குரல் என்பது எனக்கும் விளங்கியது.

"குலந்தை எங்கே இருக்கிறது?"

"பசாசுகிட்ட. உபதேசியார் சொன்னாரே. ஞானஸ்நானம் இல்லாமப் போற பிள்ளை பசாசுக்கு அடிமைன்னு. நானும் பசாசாயிட்டா என்னையும் அங்க சேத்துக்குவாங்க இல்ல சாமி? அவன் சின்னப் பிள்ளை. தனியா எப்படி இருப்பான்?"

மூன்று வாரத்துக்கு முன் அந்தத் தோட்டத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். இனிமேலாவது ஜனங்கள் தாமதம் செய்யக்கூடாது என்று, இறந்துபோன அந்தக் குழந்தையையே உதாரணமாக எடுத்துப் பேசினேன். தாய் இன்னும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பேசி முடித்தபிறகுதான் பார்த்தேன், கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

சுவாமியார் மெதுவாகச் சொன்னார். "உம்முடைய குலந்தை பசாசிடம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று சர்வேசுரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே பசாசு வராது. அங்கே வேதனை கிடையாது."

"சாமி பாத்தீங்களா?"

"பார்க்கவில்லை."

"என் பிள்ளையை?"

"பார்க்கவில்லை."

"நானும் பாக்கல சாமி" என்றாள். "மூஞ்சி எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. பாக்கியம்தான் பாத்தா. அவ கையிலதான் போச்சு. அவகிட்ட கேக்கலாம்னா, அவளையும் தொரத்திட்டாங்க."

சுவாமியார் எழுந்து வெளியே வந்தார். "பாக்கியம் யார்?" என்றார்.

நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"பசாசு பொய்யன் என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுக்கிறவர் நீர்தானே? அதனிடம் பெயர் கேட்டு, அது சொன்னதாக நம்பி, ஒரு பெண்ணை வெளியே அனுப்பினீரா?"

அவர் லயத்து வாசல்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்த லயத்துக்குள் பசாசு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தது. அந்த அம்மாவிடம் தேட வேண்டாம். போய்ப் பாக்கியத்தை அழைத்து வாரும்."

லாபிஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். வாளியில் தண்ணீர் சுமந்து கீரைப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க அய்யா? இன்னொரு பேர் கேக்க வந்தீங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈர மண்ணில் நின்று கைகூப்பினேன். "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்று மட்டும்தான் பதினான்கு வருஷம் பிரசங்கம் செய்த வாயால் சொல்ல முடிந்தது.

அவள் கேட்டாள், "அவ சாப்பிடுறாளா?"

"இல்ல. கொஞ்சம் சீனித்தண்ணி குடிச்சா. உன்னைத்தான் கேக்குறா."

"அய்யோ, பச்ச உடம்பு" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மூட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "நான் பொழுது இருக்கும்போதே, எல்லாரும் பாக்கத்தான் வருவேன். ஒளிஞ்சு வரமாட்டேன். நீங்க முன்னால நடங்க அய்யா."

அப்படியே செய்தோம். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் நின்று சொன்னேன். "பசாசுகிட்ட நான் கேட்டது தப்பு. அது ஒண்ணும் சொல்லல. சூசையம்மா தன் பிள்ளையைப் பத்திச் சொன்னா, நமக்குத்தான் வெளங்கல. பாக்கியம் ஒரு பாவமும் செய்யல." கங்காணி ஏதோ முணுமுணுத்தார். ஒரு பெண் ஓடிப்போய், தான் எடுத்து வைத்திருந்த பாக்கியத்தின் அண்டாவைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் வைத்தாள்.

பாக்கியம் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், சூசையம்மாளின் அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி உனக்கு? என்ன தெரியணும்? கேளு."

"எப்படி இருந்தான்?"

"உன் புருஷன் நெத்தி. மூக்கு உன்னோடது. தலை நெறைய முடி. இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம், எள்ளு மாதிரி."

"அழுதானா?"

"பொறந்தப்ப ஒரு தடவை. சத்தம் கம்மிதான். அப்புறம் வெந்நீர்ல தொடச்சு என் பழைய சேலையில சுத்தி மடியிலேயே வச்சிருந்தேன். ஒரு கொட்டாவி விட்டான் பாரு, பெரிய மனுஷன் மாதிரி. என் வெரலை இப்படிப் பிடிச்சுக்கிட்டான்." அவள் சூசையம்மாளின் கையை எடுத்துத் தன் ஆள்காட்டி விரலைச் சுற்றி மூடினாள். "விடவே இல்ல."

"பயந்தானா, அக்கா?"

"இல்லடி. எதுக்குப் பயப்படணும்? சூடா இருந்தான். கீழ வைக்கவே இல்ல நான். தூங்குற மாதிரித்தான் போனான். போனப்புறமும் வெளக்கு வைக்கிற வரைக்கும் மடியிலதான் வச்சிருந்தேன். அவன் தனியா இருக்கல."

சூசையம்மாள் பாக்கியத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சுவாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தார். அவர் கண்ணும் ஈரமாக இருந்தது. தோல்பையில் இருந்த தீர்த்தத்தை அன்று அவர் திறக்கவே இல்லை.

போகுமுன் வேலிக்கு வெளியே அந்தச் சிறு மேட்டைக் காட்டச் சொன்னார். அடக்கச் செபம் சொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. அவர் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். ரயில் வருகிற நேரம்வரை அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் கோயிலுக்கு வருவார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அதுவும் ஏழு பசாசுக் கதை போலத்தான். சூசையம்மாளுக்கு மழைக்காலம் முழுவதும் காய்ச்சல் வந்து வந்து போனது. சில நாள் வேலைக்குப் போகாமல் அந்த மேட்டருகே உட்கார்ந்திருப்பாள். பாக்கியம் போய் அழைத்து வருவாள். சிலர் பாக்கியத்தோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுவாமியார் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: இனி அந்தத் தோட்டத்துக்குப் போனால், யார் வீட்டிலும் நுழையும் முன் பாக்கியத்தின் வீட்டில் போய் உட்கார்ந்து, லயத்தில் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வேதம் சொல்ல வேண்டும். முதல் தடவை அவள் கதவைத் திறந்து, "எல்லாருக்கும் சூசாதான் அய்யா, கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சாத்திக்கொண்டாள். நான்காவது தடவை காப்பி கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சூசையம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் சுவாமியார் வந்துவிட்டார். என்னையே ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிச் சின்னப்பன் கேட்டார். நான் தகுதியில்லை என்றேன். "சூசையம்மாதான் சொல்லுது" என்றார்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில்தான் தொடங்கும். அதுவரை குழந்தையைத் தூக்கி வந்தது பாக்கியம். சுவாமியார் குழந்தையின் நாக்கில் உப்பு வைத்தபோது அது முகத்தைச் சுளித்தது. "பச்சப் பிள்ளைக்கு உப்பையா குடுப்பாங்க?" என்று பாக்கியம் அதட்ட, சுவாமியார் முகம் சிவந்து சிரித்தார். பிறகு குழந்தை என் கைக்கு வந்தது. உள்ளே போனோம். சுவாமியார் இலத்தீனில் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் புரியவேண்டும் என்று தமிழிலும் கேட்டார்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?"

குழந்தைக்காக ஞானத்தகப்பன் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்த பதில். "விட்டுவிடுகிறேன்" என்றேன்.

"அதன் கிரியைகளை எல்லாம் விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்."

"அதன் ஆடம்பரங்களை எல்லாம் விட்டுவிடுகிறாயா?"

சுற்றிலும் லயத்து ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று இதே கூட்டத்துக்கு முன்னால்தான் சுரூபத்தை உயர்த்திப் பிடித்துப் பெருமையில் நின்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவாமியார் அவசரப்படுத்தவில்லை, புத்தகத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.

சூசையம்மாள் ஓரடி முன்னால் வந்து, என் கையிலிருந்த பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே மெல்லச் சொன்னாள்.

"சத்தமாச் சொல்லுங்க அய்யா. பிள்ளைக்குக் கேக்கணும்."

சொன்னேன்.